“பணி நிகழ்ச்சி” என்னும் சொல்

குழூஉக்குறியை மாணவர்க்கு விளக்குங்கால், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என வழங்கியதை எடுத்துக்காட்டுதல் நம் ஆசிரியர் மரபு. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தில் மது விருந்தொன்று ‘பணி நிகழ்ச்சி’ எனப் பெயர் பெற்றது. இதுவும் அவ்வகையைச் சார்ந்ததுதானா? ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், கொரோனாக் கட்டுப்பாட்டின் நடுவே, பிரதமர் மாளிகைத் தோட்டத்தில் கூடுமாறு ஏறத்தாழ 200 அலுவலர்க்கு மின்னஞ்சல் சென்றது. நல்ல வானிலையைப் பயன்படுத்தி, இடைவெளி விட்டு நின்று மது அருந்தலாம். மதுவை அவரவரே கொண்டு வருக என்பது அதன் கருத்து. அந்நாளில் ஏனைய குடிமக்கள் வெளியிடத்தில் வேறு வீட்டார் ஒருவரை மட்டுமே சந்திக்கலாம். பிரதமர் போரிஸ் ஜான்சன் அத்தோட்டத்தில் 25 நிமிடம் இருந்தார். 2022 ஜனவரி 12இல் காமன்ஸ் சபையில் மன்னிப்புக் கோரியபோது, அதனைப் பணி நிகழ்ச்சி என்றே தாம் நம்பியதாகக் கூறினார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் நடுநிலையாகும். நெருக்கடியில் இரவு பகலாக உழைத்தோர் அவர்கள். அலுவலகத்தில் உண்பதும் பருகுவதும் தம்மளவில் குற்றமல்ல. 2021 ஏப்ரல் 30இல், உள்ளாட்சித் தேர்தல் வேலையாக டர்ஹாம் சென்ற எதிர்க்கட்சித் தலைவர் கீர் ஸ்டார்மரும் உடன் பணியாற்றியோருடன் உணவுண்டு பீர் பருகினார். தண்டம் விதிக்கப்பட்டால் பதவி விலகுவேன் என்றார். பணியின் பொருட்டு நியாயமாகத் தேவைப்பட்ட கூட்டமே அஃது எனக் கொண்டு, காவல்துறை 2022 ஜூலை 8இல் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது.

“அங்கும் மது, இங்கும் மது, ஒருவர்க்கு ஒரு நீதியா?” என்பார் உளர். அளவுகோல் மதுவன்று; கூடியதன் நோக்கம். வேலைக்காகக் கூடியோர் இடையே உண்பது வேறு. உண்ணவும் பருகவுமே கூடுவது வேறு. இவ்வளவுகோலால் அளந்தால், ஜான்சனுக்குத் தண்டம் விதிக்கப்பட்ட 2020 ஜூன் 19ஆம் நாள் பிறந்தநாள் கூட்டமே அவர்மீதான குற்றச்சாட்டுகளுள் மெலிந்தது என்பது எம் கருத்து. உடன் தண்டம் பெற்ற ரிஷி சுனாக் ஆலோசனைக் கூட்டத்திற்காகவே அவ்வறைக்கு வந்தவர். தோட்டத்து விருந்துக்கோ அழைப்பே சான்று. அதில் பணி காரணமாகச் சொல்லப்படவில்லை.

இனி இலக்கணத்திற்கு வருவோம். வேடர் தமக்குள் மறைபெயர் வழங்கினர். இங்கோ தமக்குள் ‘மது அருந்தலாம்’ என்ற வெளிப்படையான பேச்சும், ஊரார் முன் மறைபெயரும் வழங்கின. ஆகவே இது குழூஉக்குறி அன்று, அதன் தலைகீழ். இடக்கரடக்கலோ எனின், அது கேட்போர் கூசாதிருக்கச் சொல்லப்படுவது. இது சொல்வோர் சிக்காதிருக்கச் சொல்லப்பட்டது. மங்கலமும் அன்று. தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றிலும் இச்சொல்லுக்கு இடமில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2021 ஏப்ரல் 16ஆம் நாள் இரவு அம்மாளிகையில் பிரிவு உபசார விருந்துகள் நடந்தன. ஜான்சன் அவற்றில் இல்லை. மறுநாள், 30 பேர் மட்டுமே கூடிய கணவரின் இறுதிச் சடங்கில் எலிசபெத் அரசியார் தனியே அமர்ந்திருந்தார். தாய் தந்தையரின் கடைசி மூச்சுக்கு அருகிருக்க இயலாத குடிமக்கள் எண்ணற்றோர். அவர்கள் தம் துயரத்திற்கு மாற்றுப்பெயர் சூட்டி விதியைக் கடக்கவில்லை.

காவல்துறை 83 பேருக்கு 126 தண்டங்கள் விதித்தது. ஆயினும் பெருங்குற்றம் விருந்தன்று. விதிகள் காக்கப்பட்டன எனச் சபையில் கூறியதன் வாயிலாக, ஜான்சன் வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் என உரிமைக் குழு 2023 ஜூன் 15இல் முடிவு கூறிற்று. நான்கு நாட்களின்பின் சபை அதனை 354க்கு 7 என்னும் வாக்குகளால் ஏற்றது. விருந்துண்டது ஒரு பிழை. அதற்குப் பணி எனப் பெயரிட்டது மற்றொன்று. முன்னது ஒரு மாலையோடு முடிந்தது. பின்னது ஆள்வோர் சொல்லில் மக்கள் வைத்த நம்பிக்கையைக் கெடுத்தது. பெயரும் பொருளும் பொருந்த வேண்டும் என்று வகுப்பில் நாம் கற்பிப்பது தேர்வுக்காக மட்டும் அன்று.