அகினா மலையில் ஒரு டோஃபு வண்டி

1998இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த ‘இனிஷியல் டி’ அனிமேயில் மனிதர்களைக் கையால் வரைந்தார்கள். கார்களைக் கணினியில் செய்தார்கள். அந்தக் கார்களுக்கு எடையே இல்லை. வளைவுகளில் காகிதம்போல வழுக்கிச் செல்லும். ஆனாலும் பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். ஓட்டுபவனின் மனப்பேச்சும், சாலையோரம் நிற்பவர்கள் சொல்லும் விளக்கமும், ஓயாமல் துடிக்கும் யூரோபீட் இசையும் சேர்ந்து செய்த வேலை அது.

ஷூய்ச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை 48 தொகுதிகளாக வரைந்த மங்காதான் மூலம். குன்மா மாகாணத்துப் பள்ளி மாணவன் தகுமி, 13 வயதிலிருந்தே விடிவதற்குமுன் அப்பாவின் கடை டோஃபுவை மலைமேலுள்ள விடுதிக்குக் கொண்டுபோகிறான். காரில் ஒரு கோப்பைத் தண்ணீர். அது சிந்தாமல் ஓட்டினால் டோஃபுவும் நசுங்காது. போட்டி என்றால் என்னவென்றே அறியாத பையனிடம், சலித்துப்போன அன்றாட வேலை ஒரு வித்தையாகப் படிந்துவிடுகிறது. இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வேகத்தைவிட இதுதான்.

‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ எடுத்த ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் 2005இல் இதை ஹாங்காங் படமாக்கினார்கள். கதையில் அகினா என்று வரும் மலை, குன்மாவின் ஹருனா. படக்குழு ஜப்பானுக்கே போய், நிஜக் கார்களை நிஜ மலைச்சாலையில் ஓட்டியது. அனிமே தராத எடை இங்கே கிடைத்தது. 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய டொயோட்டா ஏஇ86 கொண்டை ஊசி வளைவில் பின்புறம் விலகித் திரும்பும்போது டயரின் உராய்வு உடம்பிலேயே தெரிகிறது. உள்பக்கச் சக்கரத்தைச் சாலையோர வடிகாலில் இறக்கி வளைவைக் கடக்கும் உத்தி, சித்திரத்தில் நம்பக் கடினமானது. திரையில் நம்ப முடிகிறது.

அப்பாவின் விஷயத்தில்தான் எனக்குத் தீராத வருத்தம். மங்காவில் அப்பா புன்டா அதிகம் பேசாதவர். வாயில் சிகரெட், பாதி மூடிய கண், மகனுக்கே தெரியாமல் மகனை வார்க்கும் பொறுமை. படத்தில் அவர் மகனை அடிக்கும் குடிகாரர். ஆந்தனி வாங் அபாரமாக நடித்தார். ஹாங்காங் திரைப்பட விருதும் பெற்றார். ஆனால் சொல்லாமல் கற்பிக்கும் அந்த மௌனம் போய்விட்டது. ஜே சௌவின் தகுமி பேசாமல் நிற்பது பொருத்தம். அந்த அமைதி யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் படத்தில் காணோம்.

இன்னொரு கார்ப் பந்தய அனிமேயை வைத்து வச்சோவ்ஸ்கிகள் 2008இல் எடுத்த ‘ஸ்பீட் ரேசர்’ நேரெதிர்த் திசையில் போனது. 1967ஆம் ஆண்டு அனிமேயின் நிறங்களை அப்படியே பிடிக்கப் பச்சைத்திரையின் முன் படமாக்கினார்கள். சாலையே இல்லை, எடையும் இல்லை. திரையரங்கில் தோற்றது. ஆனால் ஜான் குட்மேன் நடித்த தந்தை, தான் கட்டிய காரின் பக்கத்தில் மகனோடு உட்கார்ந்து பேசும் இடங்களில், ஹாங்காங் படம் தவறவிட்ட பாசம் இருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ‘இனிஷியல் டி’ படத்தில் நகாசாட்டோ, ரியோசுகே, சூடோ என மூன்று எதிரிகள் அடுத்தடுத்து வந்துவிடுகிறார்கள். மங்காவில் தகுமியிடம் முதலில் தோற்கும் கெய்சுகே இல்லவே இல்லை. அதற்காக நான் குறைபட மாட்டேன். ஒரு எதிரியை இன்னும் குறைத்து, அந்த நேரத்தை விடியற்கால டோஃபு பயணங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.