வண்டிக்குள்ளிருந்து எழுதிய வரலாறு

அமெரிக்கப் பள்ளிகளில் 1970களிலிருந்து கைமாறி வரும் ஒரு பாடமுறை உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து ‘தி ஒரிகன் டிரெயில்’ விளையாடுவார்கள். மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் கூண்டு வண்டி பூட்டி, ஏறக்குறைய 2,000 மைல் மேற்கே போய், ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் குடும்பத்தை உயிரோடு கொண்டுசேர்க்க வேண்டும். விளையாடி முடித்ததும் நோட்டைத் திறந்து, தன்னை ஒரு குடியேறியாக நினைத்துக்கொண்டு, அன்றைய பயணத்தை நாட்குறிப்பாக எழுத வேண்டும். முன்னோடிகளின் வரலாற்றைப் பிள்ளைகள் மனத்தில் பதியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நம்பும் ஆசிரியர்கள் பலர். அந்த நம்பிக்கையில் பாதி சரி. மீதிப் பாதியில் இருக்கும் கோளாறுக்கு எல்லோரும் விளையாட்டையே குறை சொல்கிறார்கள். எனக்கு அந்த நாட்குறிப்பின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

விளையாட்டு பிறந்த கதையிலேயே அந்தச் சந்தேகத்துக்கான காரணம் கிடக்கிறது. 1971இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு மேற்குக் குடியேற்றத்தைப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அறைத்தோழர்களான பில் ஹெய்ன்மனும் பால் டில்லன்பெர்கரும் கணிதம் கற்பிக்கப் பயின்றவர்கள், நிரல் எழுதத் தெரிந்தவர்கள். மூவரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று வகுப்பறைக்கு வந்தது. திரை கிடையாது. எங்கோ இருந்த கணினியோடு தொலைபேசி வழியாக இணைந்த டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் வரிகளை அடித்துத் தள்ளும். வேட்டையாட வேண்டுமென்றால் ‘பேங்’ என்ற சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலை அழித்துவிட்டு, அச்சடித்த தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். 1974இல் மெக் என்ற மினசோட்டா கல்விக் கணினி அமைப்பில் சேர்ந்தபோது அதை மறுபடி உள்ளிட்டார். இம்முறை கூடுதலாக ஒரு வேலையும் செய்தார். அந்தப் பாதையில் உண்மையிலேயே போனவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, புயல், நோய், வண்டி பழுது, பூர்வகுடிகளைச் சந்தித்தது என ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தது என்று கணக்கிட்டு, அந்த விகிதங்களை நிரலில் ஏற்றினார்.

ஆக, நாட்குறிப்பு எண்ணானது. எண் விளையாட்டானது. அந்த விளையாட்டைப் பிள்ளைகள் திரும்பவும் நாட்குறிப்பாக எழுதுகிறார்கள். இந்தச் சுற்றில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்று பார்ப்பதுதான் இந்த முறையை எடைபோடச் சரியான வழி.

தங்கியது சாதாரணமானதல்ல. 1985இல் ஆப்பிள் கணினிக்காக பிலிப் புச்சார்ட் வடிவமைத்த பதிப்பை எடுத்துக்கொள்வோம். 1848ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. முதல் கேள்வியே, நீங்கள் யார்? பாஸ்டன் வங்கிக்காரர் என்றால் கையில் 1,600 டாலர். ஒகையோ தச்சர் என்றால் 800. இல்லினாய் விவசாயி என்றால் 400. விவசாயியாகப் போய்ச் சேர்ந்தால் மதிப்பெண் மூன்று மடங்கு. அடுத்து, எந்த மாதம் கிளம்புவது? மார்ச்சில் புறப்பட்டால் மாடுகளுக்குப் புல் முளைத்திருக்காது. ஜூலையில் புறப்பட்டால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும். கடையில் எத்தனை ஜோடி மாடு, எவ்வளவு மாவு, எத்தனை தோட்டா, மாற்றுச் சக்கரம், அச்சு, ஏர்க்கால் வாங்குவதா வேண்டாமா? ஆற்றங்கரையில் இறங்கி நடப்பதா, வண்டியின் இடுக்குகளை அடைத்து மிதக்கவிடுவதா, காசு கொடுத்துப் படகில் ஏற்றுவதா?

பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் சொல்லிவிடும்: பயணம் கடினமாக இருந்தது. அந்த வரியைப் படிக்கும் பிள்ளைக்கு அன்று ஒருவர் கண்முன் எத்தனை வழிகள் இருந்தன, ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று எப்படி அடைபட்டது என்பது தெரியாது. நடந்து முடிந்ததெல்லாம் அப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற மயக்கம் வரலாற்று வகுப்பின் பழைய வியாதி. விளையாட்டு அதைக் கரைக்கிறது. புல்லுக்கும் புறப்படும் மாதத்துக்கும் உள்ள உறவை, மாட்டைச் சாகக்கொடுத்த பிள்ளை எந்தப் பரீட்சைக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நாட்குறிப்புக்கும் ஒரு நல்ல பங்கு உண்டு. விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கச் சொல்லும், எழுத்து நிற்கச் சொல்லும். பொத்தானை அழுத்தி வழியிலுள்ள அடுத்த கோட்டைக்குப் போய்விடும் பிள்ளை, ஏன் ஆற்றில் இறங்கினோம், ஏன் காத்திருக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தால்தான் தன் முடிவைத் தானே பார்க்கிறது. வழியில் இறந்தவருக்கு விளையாட்டிலேயே கல்லறை வாசகம் எழுதலாம். அதே வட்டில் அடுத்து விளையாடுபவர் அந்தக் கல்லறையைக் கடந்து போவார். பிள்ளைகள் வண்டியில் ஏற்றியதோ கூடப் படிப்பவர்களின் பெயர்களை. அதனால் அந்த வாசகங்கள் பெரும்பாலும் கேலியாகவே இருந்தன. சீதபேதியில் நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்ற அறிவிப்பு பின்னாளில் பனியன் வாசகமாகவே ஆகிவிட்டது. ஆசிரியர் கேட்கும் ஒரு பக்கக் குறிப்பு அந்தச் சிரிப்பை ஓரளவு அடக்கி, சாவைச் சாவாகப் பார்க்க வைக்கிறது. இதை நான் சிறிய பயனாக நினைக்கவில்லை.

இனி உதிர்ந்ததைப் பார்க்கலாம். 1853இல் அயோவாவிலிருந்து கணவரோடும் ஏழு குழந்தைகளோடும் ஒரிகனுக்குப் போன அமீலியா ஸ்டூவர்ட் நைட் எழுதிய நாட்குறிப்பு இன்று அச்சில் கிடைக்கிறது. மழை, சேறு, மாட்டுக்குப் புல், எரிக்க விறகு என்றே நாட்கள் போகின்றன. ஒரு குழந்தை வண்டியிலிருந்து சக்கரத்தடியில் விழுந்து தப்பியதும், இன்னொரு குழந்தையைத் தங்கிய இடத்திலேயே மறந்து விட்டுவிட்டுக் கிளம்பியதும் அதில் இருக்கின்றன. அந்தப் பயணம் முழுக்க அவர் கர்ப்பமாக இருந்தார் என்பது மட்டும் இல்லை. கடைசிக் குறிப்பில் எட்டாவது குழந்தை பிறந்த செய்தி வரும்போதுதான் படிப்பவருக்கு அது தெரியும். அன்றைய பெண் தன் உடலைப் பற்றி எழுதமாட்டாள். எழுதாததை ராவிட்ச் எப்படி எண்ணியிருக்க முடியும்? எண்ணில் ஏறாதது விளையாட்டில் இல்லை. விளையாட்டில் இல்லாததை நம் மாணவியும் எழுதமாட்டாள்.

அவள் எழுதுவது வேறு. பயம், நம்பிக்கை, ஏக்கம், புது வாழ்வின் கனவு என்று தன் காலத்து உணர்ச்சிகளைத் தாராளமாகக் கொட்டுவாள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று ஆசிரியரும் மதிப்பெண் போடுவார். வரலாற்றுச் சிந்தனை என்பது இயல்பாக வருவதல்ல, பழக வேண்டியது என்று கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் 2001இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அந்தக் காலத்து மனிதர் நம்மைப் போன்றவர் அல்லர் என்ற அந்நியத்தை உணர்வதே அதன் தொடக்கம். குடியேறியாக உன்னை நினைத்துக்கொண்டு எழுது என்னும் கட்டளை, பழக்க வேண்டிய அந்த இடைவெளியைத்தான் முதலில் மூடிவிடுகிறது.

நோய் விஷயத்திலும் இதே சிக்கல். விளையாட்டில் உணவைக் குறைத்து வேகத்தைக் கூட்டினால் உடல்நிலை குன்றும், நோய் வரும் வாய்ப்பு ஏறும். நிர்வாகம் சரியாக இருந்தால் பிழைக்கலாம் என்பதே அதன் உள்ளார்ந்த பாடம். 1849க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிளாட் நதிக்கரையில் காலரா கொன்றவர்களில் நன்றாகச் சாப்பிட்டவர்களும் நிதானமாகப் போனவர்களும் இருந்தார்கள். நெருக்கமான முகாம்களும் அசுத்தமான தண்ணீரும்தான் காரணம். வண்டிகளில் போனவர்களுக்கு அன்று அது தெரியாது. விளையாடி முடித்து, அம்மா இறந்ததற்கு நான் மாவு குறைவாக வாங்கியதே காரணம் என்று எழுதும் பிள்ளை, நிரலாளரின் விதியை வரலாறாகப் பதிவுசெய்கிறது.

வண்டிக்கு வெளியே இருந்தவர்களின் கதை இதைவிடக் கனமானது. விளையாட்டை அநியாயமாக ஏசக் கூடாது. 1985 பதிப்பில் பூர்வகுடிகள் வில்லன்களாக வருவதில்லை. ஸ்நேக் ஆற்றைக் கடக்க வழிகாட்டுகிறார்கள், உணவு தந்து உதவுகிறார்கள். 1979இல் வெளியான வரலாற்றாளர் ஜான் அன்ரூவின் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்று அவர் கணக்கிட்டார். இந்தப் பாதையில் போனவர்கள் லட்சக்கணக்கில் என்பதை நினைத்தால், சினிமா காட்டிய போர்களுக்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் புரியும். ஆனாலும் உதவ வந்து மறைபவர்களாக மட்டுமே அவர்கள் இருப்பது சரியா? போர்ட்லண்டின் ஆசிரியர் பில் பிகலோ 1990களில் இந்த விளையாட்டின் குறுந்தகட்டுப் பதிப்பைக் கடுமையாக விமர்சித்தார். பெண்ணாகவோ கறுப்பினத்தவராகவோ விளையாடினாலும் பார்வை வெள்ளை ஆண் குடியேறியுடையதே என்பது அவருடைய வாதத்தின் சாரம். எனக்கு அதில் மறுப்பு இல்லை.

வேட்டையை மட்டும் பாருங்கள். காட்டெருமையைச் சுட்டு வீழ்த்தினால் 100 பவுண்டு இறைச்சிதான் வண்டிக்குத் தூக்கிவர முடியும், மீதி அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் சளைக்காமல் சுடுகிறார்கள். அந்த மந்தைகளை நம்பி வாழ்ந்த லக்கோட்டா, செயென் மக்களுக்கு அந்த மீதி என்னவாக இருந்தது என்ற கேள்வி திரையில் எழுவதில்லை. வண்டிக்காரரின் நாட்குறிப்பிலும் எழாது.

விளையாட்டு வில்லமெட் பள்ளத்தாக்கில் மதிப்பெண் போட்டு முடிகிறது. உயிரோடு வந்தவர்கள், மிஞ்சிய தோட்டா, மிஞ்சிய காசு எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. பள்ளத்தாக்கு காலி நிலமாக நிற்கிறது. அது கலப்புயா மக்களின் ஊர். 1830களின் மலேரியா கொள்ளைநோய் அவர்களில் பெரும்பான்மையோரை அழித்துவிட்டிருந்தது. மிஞ்சியவர்கள் கண்முன்னே வண்டிகள் வந்து இறங்கின. வந்தவர்களிலும் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. 1844இல் ஒரிகனின் தற்காலிக அரசு கறுப்பினத்தவர் வெளியேற வேண்டும், மறுத்தால் சவுக்கடி என்று சட்டம் போட்டது. அந்த ஆண்டே பாதையைக் கடந்து வந்த ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பின விவசாயி கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்க் குடியேறினார். கறுப்பினத்தவரை விலக்கும் பிரிவு ஒரிகன் அரசியலமைப்பிலிருந்து நீங்க 1926 ஆகிவிட்டது. எல்லாச் சரியான முடிவுகளையும் எடுத்து, மாடும் குடும்பமும் நலமாக வந்துசேர்ந்த ஒருவருக்கு நுழைவு மறுக்கப்பட்டது என்பதை எந்த மதிப்பெண் அட்டவணையில் எழுதுவது?

மாற்று விளையாட்டுகள் வந்திருக்கின்றன. 2019இல் வெளியான ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’, 1890களில் நிலம் பறிபோன ஒரு அனிஷினாபே மனிதரை மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை அழைத்துப்போகிறது. அதன் உருவாக்கத்தில் பூர்வகுடிப் படைப்பாளிகள் முன்னின்றார்கள். 2021இல் கேம்லாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட புதிய ஒரிகன் டிரெயிலும் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களின் ஆலோசனையோடு வந்தது. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் இவற்றையும் விளையாடிவிட்டு, நிலமிழந்த அனிஷினாபேயாக உன்னை நினைத்து எழுது என்று சொன்னால் பழைய தவறு இன்னும் ஆபத்தாகத் திரும்பும். குடியேறியாக நடிப்பது மேலோட்டமான கற்பனை என்றால், பறிகொடுத்தவராக நடிப்பது அந்த மக்களின் வாரிசுகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அவமதிப்பாகவே முடியலாம்.

மாற்ற வேண்டியது எழுத்துப் பயிற்சியைத்தான். முதலில் நைட்டின் நாட்குறிப்பில் நான்கு பக்கம் படிக்கட்டும், பிறகு விளையாடட்டும். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் விளையாட்டில் நடந்தது, வலப்பக்கம் எந்த விதியால் அப்படி நடந்தது, அந்த விதிக்கு ஆதாரம் எந்த நாட்குறிப்பில் இருக்கும், யாருடைய நாட்குறிப்பில் இருக்காது என்று எழுதட்டும். நோய்க்கான விதியை நீ எழுதினால் எப்படி எழுதுவாய் என்று கேட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளையே ராவிட்ச் பட்ட பாட்டை விளங்கிக்கொள்ளும். இதற்கு வகுப்பு நேரம் கூடுதலாக வேண்டும், திருத்துவதும் சிரமம். நேரமில்லை என்றால் விளையாடும் நேரத்தைக் குறைக்கலாம், படிக்கும் பக்கங்களைக் குறைக்கக் கூடாது.

கடைசிக் குறிப்பு வண்டியிலிருந்து எழுதப்பட வேண்டியதில்லை. இரண்டு ஆவணங்களை மேசையில் வைத்தால் போதும். ஒன்று 1850ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டம்: வெள்ளைக் குடியேறிக்கு 320 ஏக்கர், மணமானவராக இருந்தால் தம்பதிக்கு 640 ஏக்கர். மற்றொன்று வில்லமெட் பள்ளத்தாக்கைக் கலப்புயா மக்களும் அண்டைக் குழுக்களும் விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்தான ஒப்பந்தம். அதன் தேதி 1855 ஜனவரி 22. நிலத்தைக் கொடுத்த சட்டம் நிலத்தை வாங்கிய ஒப்பந்தத்துக்கு 4 ஆண்டுக்கும் மேல் முந்தியது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம், பிள்ளைகளே கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த ஒப்பந்தக்காரர்களின் வாரிசுகள் இன்றும் கிராண்ட் ரோண்ட், சிலெட்ஸ் பழங்குடிக் கூட்டமைப்புகளில் வாழ்கிறார்கள். தங்கள் வரலாற்றைத் தாங்களே பாடமாக எழுத, 2017இல் ஒரிகன் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆசிரியர் கையில் அந்தப் பாடங்களும் இருக்கின்றன.