செவிவழியும் கண்வழியும்: வேர்ணின் கடலடி நாவல் பற்றிய ஒரு நோக்கு

ஜூல்ஸ் வேர்ண் 1869–1870 காலப்பகுதியிலே தொடராக வெளியிட்ட 'கடலடியிலே இருபதினாயிரம் லீக்' என்னும் நாவலை அண்மையில் நீர்வேலியிலே இருவகையாக அனுபவித்தோம். பகலில் மின்னூலாக வாசித்தோம். இரவில் ஒலிநூலாகக் கேட்டோம். நூல் செவிவழி வருவது எமது பிரதேசத்திற்குப் புதிதன்று. கோயில்களிலே ஒருவர் கந்தபுராணம் படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் கேட்டு வந்துள்ளனர். ஆனால் அங்கு கேட்போர் ஒரு கூட்டம்; படிப்பவர் பிழைவிட்டால் திருத்துவோரும் அருகிலிருப்பர். ஒலிநூலைக் கேட்பவனோ தனியன்.

இவ்வேறுபாட்டின் தாக்கத்தை நாவலின் இரண்டாம் பாகத்திலே உணர்ந்தோம். கப்டன் நெமோவின் அறைச்சுவரிலே ஓ'கொனல், லிங்கன், ஜோன் பிரவுண் முதலாய விடுதலை வேட்கையாளரின் உருவப்படங்கள் தொங்குகின்றன. மின்னூலிலே கண்ட இப்படங்கள் ஒலிநூலில் இல்லை. வாசித்தவர் விட்டுவிட்டாரோ என ஐயுற்றோம். அவர்மீது தவறில்லை. அவர் கையிலிருந்தது ஆங்கிலப் பாதிரியாரான லூயிஸ் பேஜ் மேர்சியர் 1872இல் செய்த மொழிபெயர்ப்பு. மூலத்தின் ஏறத்தாழ நாலிலொரு பகுதியை வெட்டியெறிந்தது. எமது மின்னூலோ எவ். பி. வோல்ற்றர் 1991இல் செய்த முழுமையான மொழிபெயர்ப்பு. பதிப்புரிமை காலாவதியான பழைய பிரதியே இலவச ஒலிப்பதிவுக்கு இலகுவிற் கிட்டுகின்றது. ஆகவே பேரரசுக் காலத்துக் கத்தரிக்கோல் இன்றும் எமது செவியில் வேலை செய்கின்றது. காதா, கண்ணா சிறந்தது என வாதிடுவோர் இதனை மனங்கொள்வது நன்று. (நெமோவை ரஷ்யரைப் பழிவாங்கும் போலந்துக்காரனாகப் படைக்க வேர்ண் விரும்பியதையும், பதிப்பாளர் ஹெற்செல் அதற்கு இசையாமையையும் சேர்த்து நோக்கின், முதல் வெட்டு பாரிசிலேயே நிகழ்ந்தது எனலாம்.)

எனினும் ஒலிநூல் எமக்கொன்றைக் காட்டித் தந்தது. எமக்கு மிக அண்மித்த பகுதி மன்னார்க் கடலில் நிகழ்வது. முத்துக்குளிப்பவனொருவனைச் சுறா தாக்க, நெமோ அதனோடு பொருதுகின்றான். ஈற்றில் நெட் லாண்டின் ஈட்டியே சுறாவைக் கொல்கின்றது. உயிர்தப்பியவன் கையிலே நெமோ ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கின்றான். அவன் ஒடுக்கப்பட்ட நாட்டவன், தானும் அவர்களுள் ஒருவன் என்பது பின்னர் நெமோ தரும் விளக்கம். 1874–1875இல் வெளிவந்த 'மர்மத் தீவு' நெமோவை 1857 எழுச்சியிற் பங்குகொண்ட புந்தேல்கண்ட் இளவரசனாக இனங்காட்டுவதால் இவ்விளக்கம் மேலும் வலுப்பெறுகின்றது. வேர்ணின் அனுதாபம் மெய்யானது என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால், வாசிக்கையில் விரைந்து கடந்த ஒரு குறை கேட்கையில் உறுத்தியது. ஏனைய பாத்திரங்களுக்கெல்லாம் குரலுண்டு. எமது கடலில் மூழ்கியவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவனுக்குப் பெயருமில்லை. தனியொருவனாகவே வந்து குளிக்கின்றான். உண்மையிலோ முத்துக்குளிப்பு ஒரு கூட்டு உழைப்பு. மூழ்குபவன் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது; சுறாவை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிக்கும் அங்கு இடமிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குளிப்புக்களிலே சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கைக் குடியேற்ற அரசு எடுத்து ஏலத்தில் விற்றது. எஞ்சிய ஒரு பங்கே கடலில் இறங்கியோருக்குக் கூலி. குளிப்போருக்குக் கிடைக்கும் அற்பக் கூலியை வேர்ணும் அறிந்திருந்தார். அதனை முந்திய அத்தியாயத்திலே கூறவுஞ் செய்கின்றார். அறிந்தும், அதற்கு விடையாக அவரால் வைக்க முடிந்தது இளவரசன் ஒருவனின் சட்டைப்பையிலிருந்து வரும் கொடையை மட்டுமே.