பசியிடம் பாடம் கேட்ட கோடுகள்: சோம்நாத் ஹோரின் தொடக்க ஆண்டுகள்

சோம்நாத் ஹோர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை ‘காயங்கள்’ வரிசையின் வெண்ணிறக் காகிதக்கூழ் அச்சுகளும், எலும்பும் தோலுமான சிறிய வெண்கல உருவங்களும்தான். இரண்டுக்கும் வேர் 1942 முதல் 1947 வரை அவர் வரைந்த கோட்டோவியங்களில் இருக்கிறது. கலைப்பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே வரையத் தொடங்கியவர் அவர். இருபத்தாறு வயதை எட்டுவதற்குள் தனக்கென்று ஒரு கோட்டு மொழியைக் கண்டடைந்துவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், அக்கால வங்காளத்து இளம் ஓவியர் தலைமுறை ஒன்றே கண்முன் வந்து நிற்கிறது.

ஹோர் 1921-இல் சிட்டகாங் மாவட்டத்தின் பராமா கிராமத்தில் பிறந்தார். அப்பகுதி இன்று வங்கதேசத்தில் உள்ளது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். கல்கத்தாவில் கல்லூரியில் படித்த காலத்தில் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் வீழ்ந்ததும் சிட்டகாங் போர்முனைக்கு அடுத்த வீடாகிவிட்டது. அவ்வட்டாரத்தின் பட்டியா கிராமத்தில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. செத்துக் கிடந்தவர்களையும் குற்றுயிராய்க் கிடந்தவர்களையும் நேரில் கண்ட அதிர்ச்சிதான் ஹோரைக் காகிதத்தின் முன் உட்கார வைத்தது. பிற்காலத்தில் அவர் எதைச் செய்தாலும், வெட்டுண்ட உடல் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த முதல் காட்சியை விட்டால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு பஞ்சம் வந்தது. பர்மா அரிசி வரத்து நின்றுபோனது. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று கரையோரக் கிராமங்களின் படகுகளை அரசு பறித்துக்கொண்டது. 1942 அக்டோபரில் வீசிய புயல் மேதினிபூர் மாவட்டத்தின் விளைச்சலை வாரிக்கொண்டு போயிற்று. பதுக்கலும் போர்க்காலச் செலவும் சேர்ந்து அரிசி விலையை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றின. அரசு அமைத்த விசாரணை ஆணையமே சுமார் 15 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்கிறார்கள். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை இருந்த காலம் அது. கையில் தூரிகையும் மையும் வைத்திருந்தவர்கள் சாட்சிகளானார்கள்.

அவர்களில் ஹோருக்கு வழிகாட்டியவர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. ஹோரைவிட ஆறு வயது மூத்தவர்; எந்தக் கலைப்பள்ளியிலும் பயிலாமல் தானே வரையக் கற்றவர். தெருவோரத்தில் கிடப்பவர்களின் எதிரே உட்கார்ந்து, கண்ணால் காண்பதை அப்போதே வரையும்படி ஹோரைப் பழக்கியவர் அவர்தான். 1943 நவம்பரில் சித்தபிரசாத் மேதினிபூர் மாவட்டத்துக்குப் போனார். ஊர் ஊராகச் சுற்றினார், வரைந்தார், வரையப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியும் வைத்தார். அந்தப் பயணக் குறிப்புகளும் ஓவியங்களும் ‘பசித்த வங்காளம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் நூலாயின. பிரிட்டிஷ் அரசு 5,000 படிகளைக் கைப்பற்றி எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு படியிலிருந்துதான் பல பத்தாண்டுகள் கழித்து மறுபதிப்பு சாத்தியமானது.

சித்தபிரசாத்தின் கோடு தடித்தது, அழுத்தமானது. மலிவான செய்தித்தாளில் மங்கலாக அச்சானாலும் உருவம் கலையாது. கம்யூனிஸ்ட் கட்சி இதழ்களுக்காக வரைந்தவருக்கு இந்தத் தெளிவு தொழில் தேவை. அதையே அவர் அழகாகவும் ஆக்கினார். ஹோரின் முதல் படங்களிலும் இந்தப் பாணியின் சாயல் தெரிகிறது. அவையும் ‘ஜனயுத்த’ என்ற வங்காள மொழிக் கட்சி இதழில் வெளிவந்தன. ஓவியத்துக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் உண்டு, பசித்த மனிதர் என்று பொதுவாக ஒருவர் கிடையாது என்ற பிடிவாதமும் சித்தபிரசாத்திடமிருந்து வந்ததே.

1945 வாக்கில், கட்சித் தலைவர் பி.சி. ஜோஷியின் ஆதரவோடு ஹோர் கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜைனுல் ஆபெதின். 1914-இல் பிறந்த ஜைனுல், பிரம்மபுத்திரா நதிக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் வாங்கியவர். 1943-இல் கல்கத்தாத் தெருக்களைக் கண்டபின் அந்தப் பசுமை அவர் கையைவிட்டுப் போனது. பொட்டலம் கட்டும் மலிவுத் தாள், கறுப்பு மை, தூரிகை ஆகிய மூன்றோடு அவர் தெருவில் இறங்கினார்.

அந்தப் படங்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தூரிகையில் மை கொஞ்சமாகவே இருக்கிறது. தாளின்மீது இழுக்கும்போது மை சீராகப் படியாமல், இடையிடையே தாளின் பழுப்பு வெளித்தெரிய, உரசிக்கொண்டே போகிறது. விலா எலும்புக்கு ஓர் இழுப்பு, தொடைக்கு ஒன்று, ஒட்டிய வயிற்றுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தாள்தான். குப்பைத்தொட்டியோரம் மனிதரும் நாயும் இருக்கிறார்கள். விழுந்து கிடக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அருகே காகங்கள் காத்திருக்கின்றன. காகம் மட்டும் கருகருவென்று நிறைந்திருக்கிறது. மையைச் சிக்கனமாக்கி, வெற்றிடத்தால் பசியைச் சொன்ன இந்த முறை இந்திய ஓவியத்தில் அதுவரை காணாதது. ஹோர் இவரிடம் பெற்ற மிகப்பெரிய பாடம், வரையாமல் விடுவது எப்படி என்பதே.

கலைப்பள்ளியில் இன்னொரு வழியும் திறந்தது. மரச்செதுக்கு அச்சில் தேர்ந்த சஃபியுத்தீன் அகமதுவிடம் ஹோர் அச்சுக்கலையைக் கற்றார். இடதுசாரி வட்டாரங்கள் வழியாகச் சீன மரச்செதுக்குகளும் ஜெர்மானியப் பெண் ஓவியர் கேத்தே கொல்விட்ஸின் அச்சுகளும் அவர் பார்வைக்கு வந்தன. இந்த இரண்டுக்கும் தமக்குள்ளேயே உறவு உண்டு: ஷாங்காயில் எழுத்தாளர் லூ சுன் 1931-இல் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தார், 1936-இல் கொல்விட்ஸின் படைப்புகளைத் தொகுத்தும் வெளியிட்டார். பெர்லினில் நெசவாளர் கிளர்ச்சியையும் உழவர் போரையும் அச்சில் வடித்த ஒரு தாயின் கை, சீனா சுற்றி வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை பாடங்களும் ஒன்றாகக் கூடிய இடம் தேபாகா. விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்துகொண்டிருந்த வாரக் குத்தகை உழவர்கள், மூன்றில் இரண்டு பங்கு தங்களுக்கே என்று கேட்டுக் கிளம்பிய இயக்கம் அது. அறுத்த கதிரை ஜோத்தார் எனப்பட்ட அந்த நிலவுடைமையாளரின் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்தில் அடிப்பதே போராட்டத்தின் வடிவம். 1946 டிசம்பரில் கட்சி ஹோரை வடவங்காளத்தின் ரங்பூர் மாவட்டத்துக்கு அனுப்பியது. ஊர் ஊராகப் போய், உழவர்களோடு தங்கி, கண்டதை நாட்குறிப்பாக எழுதினார், பக்கத்திலேயே வரைந்தார்.

அப்போது அவருக்கு வயது 25. முந்தைய மூன்றாண்டுகளில் அவர் வரைந்த உடல்கள் எல்லாம் படுத்துக் கிடந்தவை, குனிந்தவை, சுவரில் சாய்ந்தவை. ரங்பூரில் உடல்கள் எழுந்து நிற்கின்றன. குனிந்தாலும் அறுவடைக்காகவே குனிகின்றன. தடியோடு காவல் நிற்பவர், கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிப் போகிறவர், இரவுக் கூட்டத்தில் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்கள் என்று பக்கம் பக்கமாக மனிதர்கள். கோடும் மாறிவிட்டது. மெலிந்தது, வேகம் கூடியது, ஒரே இழுப்பில் தோளும் முதுகும் வந்துவிடுகின்றன. முகங்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்திய ஓவியத்தில் உழவர் இவ்வளவு தனித்தனி முகங்களோடு வந்த இடங்கள் குறைவு. பெரிய கித்தான்களுக்கு அளிக்கும் மதிப்பை இந்தச் சிறு தாள்களுக்கும் அளித்தாக வேண்டும். குறிப்பேட்டின் காட்சிகள் பிறகு மரச்செதுக்குகளாயின. 1947-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே சென்று இதே முறையில் இன்னொரு குறிப்பேட்டையும் அவர் நிரப்பினார்.

பிரிவினைக்குப் பின் ஜைனுல் டாக்கா சென்று, 1948-இல் அங்கே கலைக்கல்வி நிலையத்தை நிறுவினார். சித்தபிரசாத் பம்பாயில் தங்கினார். ஹோர் 1956-இல் கட்சி உறுப்பினர் நிலையிலிருந்து விலகினார். டெல்லியிலும் பிறகு சாந்திநிகேதனின் கலாபவனத்திலும் அச்சுக்கலை கற்பித்தார்.

1971 முதல் உருவான ‘காயங்கள்’ வரிசையில் மை கிடையாது. களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியாலும் கிழித்து, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக்கூழை அழுத்திக் காயவைத்தார். வெள்ளைத் தாளில் ஒரு கீறல், அதன் விளிம்பில் சற்றே புடைப்பு, சில இடங்களில் ஒரு குழிவு. 1974 முதல் செய்த வெண்கலச் சிற்பங்களிலும் மெழுகுத் தகட்டை மடித்து ஒட்டி அப்படியே கிழித்தார். பட்டியாவில் இருபத்தோரு வயதில் பார்த்த உடல்களின் பிளவுகள், ஐம்பது வயதைத் தொட்ட கைகளில் கோடாகவே மிஞ்சியிருந்தன.