கட்டைப் பிரித்தால் வேறு முகம்!

சூளகிரிப் பக்கம் பாதி வீடுகளில் பேச்சே தெலுங்குதான். டி.வி.யிலும் தெலுங்குப் படம்தான். போன வாரம் அங்கே ஒரு நண்பர் வீட்டில், 2014-ல் வந்த 'எவடு' படத்தை மறுபடி பார்த்தேன். பஸ்ஸோடு எரிந்துபோன அல்லு அர்ஜுனுக்கு டாக்டர் ஜெயசுதா ஆபரேஷன் செய்கிறார். கட்டைப் பிரித்தால், ராம் சரண்! இறந்துபோன தன் மகனின் முகத்தையே வைத்துவிட்டாராம்.

தியேட்டரில் விசில் பறந்த காட்சி. ஆனால் யோசியுங்கள்... 'இந்த முகம் உனக்கு வேணுமாப்பா?' என்று அந்த ஆளிடம் யாருமே கேட்கவில்லை. படத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

'சினிமாதானே, விடுங்க' என்பீர்கள். விட்டிருப்பேன். பக்கத்தில் இருந்த நண்பரின் தம்பி, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவன், "அண்ணா, பெங்களூருல மூக்கை மட்டும் சரி பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஈ.எம்.ஐ. கூட இருக்காம்" என்றான். யார் டாக்டர் என்றேன். தெரியவில்லை!

நிஜத்தில் கட்டைப் பிரித்ததும் தெரிவது வீக்கம்தான். மூக்கின் இறுதி வடிவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். சிலருக்கு இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்டு இறந்துபோனவர் ஒரு மருத்துவ மாணவர். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூ டியூப் பார்த்து இதையெல்லாம் கற்றுக்கொள்வது போதாது என்று டாக்டர்களுக்கே எழுதிச் சொல்ல வேண்டிவந்தது!

நான் பி.காம். என் புத்தி கணக்கில்தான் போகும். விபத்தில் உடைந்த மூக்கைச் சீரமைத்தால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அழகுக்காக என்றால் கிடையாது. இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். ஏதாவது சிக்கலாகி மறுபடி படுத்தால் அந்த பில் யார் தலையில்?

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கத்தி பிடிப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. முடித்தவரா? மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை இருப்பாரா? அவசரத்துக்கு ஐ.சி.யூ. உண்டா? திருப்தி இல்லையென்றால் அடுத்த செலவு யாருடையது? முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் மட்டும் முகத்தைக் கொடுங்கள்.

மூக்கைத் திருத்துவது தப்பே இல்லை. அவரவர் மூக்கு, அவரவர் இஷ்டம். ஆனால் அல்லு அர்ஜுன் நினைவில்லாமல் கிடந்தார், கேட்க முடியவில்லை. நமக்கென்ன கேடு? நினைவோடுதானே இருக்கிறோம்!