விழாது நிற்கும் கல்

நெடுநாள் பழகிய சிநேகிதர் ஒருவருடைய பூர்வீகக் கிராமத்துக்கு முதன்முறையாகப் போய், அவருடைய முகஜாடையை அங்குள்ள பெரியவர்களின் முகங்களில் கண்டு மகிழ்வது போன்ற ஓர் ஆனந்தம், ஒரு சொல்லின் பிறப்பிடத்தைக் காணும்போதும் உண்டாகிறது. மிரட்டலைக் குறிக்கும் 'மெனஸ்' என்ற ஆங்கிலச் சொல் எனக்கு அந்த ஆனந்தத்தை அளித்தது.

1300ஆம் ஆண்டு வாக்கில் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் குடியேறிய இச்சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்றால், லத்தீன் மொழியின் 'மினாய்' என்ற பன்மைச் சொல்லில் போய் நிற்போம். மிரட்டல்கள் என்பது அதற்கு ஒரு பொருள். மதிலின் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் முனைகள் என்பது மற்றொரு பொருள். மதிலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுடைய தலைக்கு நேர்மேலே நீண்டிருக்கும் அந்தக் கல் இன்னும் விழவில்லை. விழமாட்டேன் என்று அபயம் கொடுக்கவும் இல்லை. விழுந்துவிட்டால் அது விபத்து. விழாது என்று தெளிந்துவிட்டால் அது வெறும் கல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கணத்திலேதான் மிரட்டல் ஜீவித்திருக்கிறது.

இந்தச் சூட்சுமத்தை முற்றும் உணர்ந்து சொல்லைக் கையாண்டவன் மகாகவி வர்ஜில். அவனுடைய 'ஈனீட்' காவியத்தின் நான்காம் காண்டத்தில், அரசி டைடோ காதல்வசப்பட்டு ராஜகாரியங்களை மறந்திருக்க, கார்த்தேஜ் நகரின் கட்டட வேலைகள் பாதியில் நின்று அந்தரத்தில் தொங்குகின்றன. அங்கே அரைகுறையாக நிற்கும் பெருமதில்களைக் குறிக்க அவன் எடுத்தாளும் சொல் 'மினாய்' என்பதே. மதில்முனைகள் என்று கொண்டாலும் பொருந்தும், மதில்களின் மிரட்டல் என்று கொண்டாலும் பொருந்தும். இரண்டாம் காண்டத்திலோ ட்ராய் நகரின் வீழ்ச்சிக்கு, மலையுச்சியில் குடியானவர்கள் கோடரி கொண்டு வெட்டும் முதிய மரம் ஒன்றை உவமை ஆக்குகிறான். ஒவ்வொரு வெட்டுக்கும் இலைகள் நடுங்க, உச்சிக்கிளை தள்ளாட, இதோ விழப்போகிறேன் என்று அம்மரம் மிரட்டிக்கொண்டே நிற்கிறது. அதன் பிறகே, காயங்களுக்குத் தோற்று, முனகிச் சாய்கிறது. அந்த மிரட்டலுக்கும் மினாயோடு பிறந்த வினையையே அவன் இட்டிருக்கிறான்.

இச்சொல்லின் சுற்றத்தார் எல்லாருமே முன்னே நீண்டு நிற்பவர்கள். தலைமேல் வந்து கவிந்துவிட்ட ஆபத்தைச் சுட்டும் 'இம்மினென்ட்' என்பதும், பிறரினும் உயர்ந்து விளங்கும் பெருமக்களைச் சுட்டும் 'எமினென்ட்' என்பதும் ஒரே குலத்துப் பிள்ளைகள். தூரத்தில் நின்று நோக்குகிறவனுக்கு மகிமையாகத் தோன்றும் அதே உயரம், அடியில் அகப்பட்டுக்கொண்டவனுக்குப் பயங்கரமாகத் தோன்றும் என்ற உலகியல் உண்மையை, அந்தக் குலமே தன் ரத்தத்தில் வைத்திருக்கிறது.

இன்னும் ஒரு கிளை வயற்காட்டுப் பக்கம் போயிற்று. பிற்கால லத்தீனில் மினாயோடு பிறந்த அந்த வினை, மாடுகளை அதட்டி ஓட்டுவதைக் குறிக்கலாயிற்று. அதிலிருந்து 'அழைத்துச் செல்' என்ற பொருளில் ஒரு பிரெஞ்சு வினை கிளைத்து, அதன் வழியே உலாவுதல் என்னும் 'ப்ராமெனாட்' பிறந்தது. புதுச்சேரிக் கடற்கரையை அப்பெயரால் அழைத்து, மாலைக் காற்று வாங்குகிறவர்கள், ஒரு பழைய மாட்டுக்காரனுடைய அதட்டலை அறியாமலே உச்சரிக்கிறார்கள். நம்முடைய 'மிரட்டு' என்ற சொல்லோ, 'மிரள்' என்பதன் பிறவினை. வண்டிமாடு காதுகளை விறைத்து, விழி பிதுங்கப் பின்வாங்குகிற காட்சியைக் கண்டவர்களுக்கு அச்சொல்லின் உயிர் விளங்கும்.

'அச்சுறுத்தல்' என்பதும் அவ்வாறே அச்சத்தை உறச் செய்வது. தலைக்கு மேலே நீண்ட கல்லை லத்தீன் சொல் சுட்டிக் காட்டியது. அதன் கீழே நிற்பவனுடைய நெஞ்சின் நடுக்கத்தைத் தமிழ்ச் சொல் தொட்டுக் காட்டியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான் மிரட்டல் என்பதன் முழு உருவம் எனக்குத் தெரிந்தது.