கொலை நடக்காத துப்பறியும் கதை

புதுச்சேரி இந்திரா நகரில் விசிஆர்சி என்கிற கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1975இல் தொடங்கியது. அதே வருஷம் டெல்லியில் இன்னொரு கொசு ஆராய்ச்சி இழுத்து மூடப்பட்டது. இங்கே முதல் இயக்குநராக வந்த பி.கே. ராஜகோபாலன் அங்கே வேலை பார்த்தவர்தான். அந்த மூடலுக்குப் பின்னால் ஒரு பிரதி இருக்கிறது: நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் 167ஆவது அறிக்கை, ஏப்ரல் 1975. நான் அதைத் துப்பறியும் கதையாகத்தான் வாசிக்கிறேன். நல்ல கதை. என்ன, கொலைதான் நடக்கவே இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. பணம் அமெரிக்காவுடையது, பி.எல். 480 கணக்கு. மலடாக்கிய ஆண் கொசுக்களை வெளியே விட்டு கொசு இனத்தைக் குறைப்பது நோக்கம். குழுவின் சந்தேகம் கூர்மையானது: ஏடிஸ் எஜிப்தி எதற்கு? அது மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும், இந்தியாவிலோ மஞ்சள் காய்ச்சலே கிடையாது. அப்போ இந்தத் தரவு யாருக்கு வேணும்?

பறவைகளும் இந்தக் கதைக்குள் வருகின்றன. 1957இல் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தபோது கிடைத்த கியாசனூர் வைரஸ், ரஷ்யாவின் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவுக்காரன். வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று கேள்வி. சாலிம் அலியின் குழு பறவைகளுக்கு வளையம் மாட்டியது. பிற்பாடு அந்த வேலைக்கு அமெரிக்க ராணுவத்தின் பணமும் வந்தது. மூளையைத் தாக்கும் கிருமி எப்படிப் பயணப்படுகிறது என்ற அறிவு, காக்கிறவனுக்கும் ஏவுகிறவனுக்கும் ஒன்றேதான். குழு பயந்ததில் தப்பே இல்லை.

ஆனால் ஏடிஸ் டெங்குவையும் பரப்பும், டெங்கு அப்போதே இங்கே இருந்தது. அறிக்கையில் இந்தப் பக்கத்துக்கு எடை போதவில்லை என்பது என் வாசிப்பு. 'பயன்படக்கூடும்' என்பது மெல்ல 'அதற்காகத்தான்' என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அதே வருஷம் 'நேச்சர்' இதழ் ஒரு தலையங்கத்தில் டெல்லி, ஜெனீவா இரண்டையும் சாடியது. எனக்கு ஜெனீவாவுக்கு விழுந்த அடிதான் நியாயமாகப் படுகிறது. முதல்லயே எல்லாத்தையும் திறந்து சொல்லியிருந்தா கதையே வேற.

உயிரியல் ஆயுத உடன்படிக்கை அமலுக்கு வந்ததும் அந்த மார்ச் 26இல்தான். கிருமியை அல்ல, அதை வைத்திருக்கும் நோக்கத்தைப் பார்த்தே அது தடை போடுகிறது. நேரில் போய்ச் சோதிக்க அதில் ஏற்பாடு கிடையாது. அதற்கென்று பேசிவந்த நெறிமுறையை 2001இல் அமெரிக்கா நிராகரித்தது. சோதனைக்குழு இல்லாத இடத்தில் பத்திரிகைச் செய்தியும் வதந்தியும் அந்த வேலையைச் செய்யும், வேறென்ன?

1975இல் சோனிபட்டில் விடவிருந்த ஏடிஸ் கொசுக்கள் கடைசிவரை விடப்படவில்லை. 2022இல் நம்ம விசிஆர்சி, வொல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் எஜிப்தியை உருவாக்கியதாக அறிவித்தது. முட்டை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, புதுச்சேரிக் கொசுவோடு கலந்து வளர்த்தது. டெங்குவைக் குறைக்கத்தான். நான் நம்புகிறேன். வெளியே விட அரசு அனுமதி வேண்டும். அந்தக் கோப்பில், எங்க தெருவில் இருப்பவர்கள் படிக்கிற தமிழில் ஒரு பக்கமாவது இருக்குமா?